கிணற்றில் பெட்ரோல் வாடை: தண்ணீர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் திறந்த கிணற்றுக்கும் பெட்ரோல் பங்க்குக்கும் நடுவே அறுபதடிதான். ஐப்பசி மழைக்கு நீர்மட்டம் ஏறியதிலிருந்து தண்ணீரில் பெட்ரோல் வாடை. பங்க்காரர் தன் செலவில் சோதித்து, "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று ரிப்போர்ட் கொடுத்தார். நகல் இணைத்திருக்கிறேன். கொதிக்க வைத்துக் குடிக்கலாமா? ஆர்.ஓ. மெஷின் போட்டால் போதுமா?
— வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்: முதலில் ஒன்று, சகோதரி. தூர்வாரவோ மோட்டாரைப் பார்க்கவோ யாரையும் கிணற்றுக்குள் இறக்காதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, உள்ளேயே தங்கி நிற்கும். ஒரு தீப்பொறி போதும். பொறி இல்லாவிட்டாலும் இறங்கியவர் மயங்கி விழுவார்.

குடிப்பது, சமைப்பது, குளிப்பது மூன்றையும் நிறுத்துங்கள். கொதிக்க வைத்தால் பெட்ரோலிலுள்ள பென்சீன் ஆவியாகி அடுப்படிக் காற்றில் கலக்கும், அதைச் சுவாசிப்பீர்கள். ஆர்.ஓ. உப்பை எடுக்க வந்த மெஷின். அதிலுள்ள கரி வடிகட்டி சில நாள் பென்சீனைப் பிடிக்கும், அப்புறம் நிரம்பிவிடும். நிரம்பியது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

நகலைப் படித்தேன். பி.எச்., டி.டி.எஸ்., கடினத்தன்மை, குளோரைடு, நைட்ரேட், ஃபுளோரைடு, கோலிஃபார்ம் எல்லாம் இருக்கின்றன. பெட்ரோல் சம்பந்தப்பட்டது ஒன்றுகூட இல்லை. தேடாத பொருள் ரிப்போர்ட்டில் எப்படி வரும்? பென்சீன், டொலுயீன், எத்தில் பென்சீன், சைலீன் என்ற நான்கையும், டீசலும் விற்கிறார்கள் என்பதால் மொத்த பெட்ரோலிய ஹைட்ரோகார்பனையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். குடிநீரில் பென்சீன் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாக்குக்கு அது தெரிய வருவதற்குள் குறைந்தது ஐம்பது மடங்கு தாண்டியிருக்கும். அதனால் கோடையில் வாடை நின்றாலும் சோதனையை நிறுத்தாதீர்கள். மழையில் ஏறும் நீர், மண்ணில் ஒட்டியிருக்கும் பெட்ரோலைத் தொட்டுக் கழுவிக்கொண்டு வருகிறது. நீர் இறங்கினாலும் மண்ணில் இருப்பது அங்கேயேதான் இருக்கும்.

மாதிரி எடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் ஒரு வீட்டுக் குழாய்த் தண்ணீரை பிளாஸ்டிக் பாட்டிலில் முக்கால்வாசி பிடித்து, பையில் போட்டு, பஸ்ஸில் கொண்டுபோனேன். 'கண்டறியப்படவில்லை' என்று முடிவு வந்தது. அவர்களிடம் தைரியமாகக் குடிக்கச் சொன்னேன். நாலு மாதம் கழித்து முறைப்படி எடுத்தபோது பென்சீன் இருந்தது. அந்த வீட்டில் ஒரு கைக்குழந்தை. இன்றைக்கும் அது என் மனதை அறுக்கிறது.

முறை இதுதான். ஆய்வகமே தரும் 40 மில்லி கண்ணாடிக் குப்பியில், விளிம்புக்கு மேல் நீர் குமிழாகத் திரண்டு நிற்கும் வரை மெல்ல ஊற்ற வேண்டும். மூடிவிட்டுத் தலைகீழாகப் பிடித்து விரலால் தட்டிப் பாருங்கள். ஒரு சின்னக் காற்றுக்குமிழ் ஓடினாலும் வேறு குப்பி எடுங்கள். பென்சீன் தண்ணீரை விட்டு அந்தக் குமிழுக்குள் போய்விடும். பிறகு ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். இன்னொன்று, மோட்டார் கிணற்றின் அடியிலிருந்து இழுக்கிறது, பெட்ரோலோ மேலே மிதக்கிறது. குழாயில் மட்டும் பிடித்தால் மிதக்கும் படலம் தப்பிவிடும். மேல்மட்டத்திலிருந்தும் ஒரு மாதிரி எடுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் கிணறு மட்டும் போதாது. அக்கம்பக்கத்துக் கிணறுகளில் இன்னும் இரண்டைச் சேர்த்து, விடிகாலையில் யாரும் மோட்டார் போடுவதற்கு முன் நீர்மட்டத்தை அளந்துகொள்ளுங்கள். கிணற்று விளிம்புகள் ஏற்ற இறக்கமாக இருக்கும், கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயால் அவற்றைச் சரிக்கட்டிக்கொள்ளலாம். நீர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஓரளவு பிடிபடும். ஓரளவு என்கிறேன், ஏனென்றால் உங்கள் ஊர் பாறை பூமி, வெடிப்பு போகும் வழியில்தான் நீரும் போகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன்னும் பின்னும் தவறாமல் சோதிக்க வேண்டும். இந்தச் செலவு உங்கள் தலையில் விழக்கூடாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் ஆட்சியருக்கும் எழுத்தில் மனு கொடுத்து, பங்க் வளாகத்தில் கண்காணிப்புக் கிணறு போடவும் டேங்க்கையும் குழாய்களையும் அழுத்தச் சோதனை செய்யவும் கேளுங்கள். 2013-ல் சென்னை தண்டையார்பேட்டையில் எண்ணெய்க் குழாய் கசிந்து ஆழ்துளைக் கிணறுகளில் எரிபொருள் வந்தபோதும், தெருக்காரர்கள் விடாமல் கேட்டதால்தான் விஷயம் வெளியே வந்தது.

கேள்வி: நான் பங்க்கில் வேலை செய்கிறேன். தினமும் டிப் பார்க்கிறோம், அதாவது டேங்க்குக்குள் அளவுகோல் விட்டு இருப்பை அளக்கிறோம். விற்பனைக் கணக்கோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இருபது, முப்பது லிட்டர் வரும். இது கசிவா?
— வாசகர், திருச்சி

பதில்: ஒரு நாள் கணக்கை வைத்துச் சொல்ல முடியாது, தம்பி. வெயிலில் நின்ற லாரியிலிருந்து இறக்கும் பத்தாயிரம் லிட்டர் பெட்ரோல், நிலத்தடியில் ஐந்து டிகிரி குளிர்ந்தாலே சுமார் ஐம்பது லிட்டர் சுருங்கிவிடும். அதனால் ஒரு மாதக் கணக்கை வரிசையாக எழுதிப் பாருங்கள். ஒருநாள் கூட, ஒருநாள் குறைய என்று மாறி மாறி வந்தால் பெரும்பாலும் அளவுப் பிழை. லோடு இறங்காத நாட்களிலும் குறைந்துகொண்டே போனால் சந்தேகப்பட வேண்டும். டிப் ராடில் தடவும், தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பேஸ்ட், மழைக்குப் பிறகு டேங்க்கில் தண்ணீர் காட்டினாலும் சந்தேகப்பட வேண்டும். தண்ணீர் உள்ளே வரும் ஓட்டை வழியாக பெட்ரோலும் வெளியே போகும். முதலாளியிடம் வாய்வார்த்தையாகச் சொல்லாதீர்கள், பதிவேட்டில் தேதியோடு எழுதுங்கள்.