வாசகர் கேள்விகள்: இடதுசாரிகளும் தேசபக்தியும்

1942-இல் கம்யூனிஸ்டுகள் வெள்ளையனுக்குத் துணைபோனார்கள் என்று மேடைதோறும் பேசுகிறார்களே, உண்மையா?
*வாசகர், திருத்துறைப்பூண்டி*

பாதி உண்மை. தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1939-இல் போர் தொடங்கியதும் ‘ஏகாதிபத்தியப் போர்’ என்று எதிர்த்து, தேவ்லி தடுப்புக்காவல் முகாமில் அடைபட்டவர்கள் இவர்கள். 1941 ஜூன் 22-இல் ஹிட்லர் சோவியத் நாட்டின்மீது பாய்ந்தான். அந்த டிசம்பரில் அதே போர் கட்சிக்கு ‘மக்கள் யுத்தம்’, அதாவது ஆதரிக்க வேண்டிய போர் ஆகிவிட்டது. 1934 முதல் கட்சிமீது இருந்த தடையை 1942 ஜூலையில் அரசு நீக்கியது. ஆகஸ்ட் 8 இரவு, பம்பாயில் ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானம்.

அதை எதிர்த்துக் கைதூக்கியவர்கள் 13 பேர், பெரும்பாலும் கம்யூனிஸ்டுகள். காந்தி அவர்களைத் திட்டவில்லை. ஊரே ஒரு பக்கம் நிற்கும்போது தங்கள் நம்பிக்கையில் நின்றதற்காக அன்றைய பேச்சிலேயே பாராட்டினார். மேடையில் இதை யாரும் சொல்வதில்லை.

பாசிசம் பேராபத்து என்று அவர்கள் கணித்தது சரிதான். கோளாறு வேறு இடத்தில். உள்ளூர்த் தொழிலாளி எப்போது போராட வேண்டும், எப்போது மில்லை ஓட்ட வேண்டும் என்பதை மாஸ்கோவின் தேவையை வைத்து முடிவு செய்தார்கள். சுபாஷ் சந்திர போஸை ஜப்பானின் கைப்பாவையாகக் கேலிச்சித்திரம் போட்டது கட்சிப் பத்திரிகை. போஸ் பற்றிய அந்தக் கணிப்பு தவறு என்று பிற்காலத்தில் ஜோதி பாசுவே ஒப்புக்கொண்டார்.

ஒன்று மட்டும்: ராஜாஜியும் இந்தப் போராட்டத்தை ஏற்கவில்லை, அந்த ஜூலையிலேயே காங்கிரஸை விட்டு விலகியிருந்தார். அவரை யாரும் துரோகி என்பதில்லை!

மக்கள் கோபம் அப்படியிருக்க, அதே காலத்தில் கட்சி வளர்ந்தது எப்படி?
*வாசகி, கோவில்பட்டி*

சட்டபூர்வ அனுமதி ஒரு காரணம். காங்கிரஸ் தலைவர்கள் சிறையில் இருந்ததால் களம் காலியாக இருந்தது இன்னொன்று. 1943 மே மாதம் பம்பாயில் முதல் மாநாடு கூடியபோது உறுப்பினர்கள் 15,000-க்கு மேல். ஆனால் நான் பெரிதாக நினைப்பது வங்கப் பஞ்சத்தில் நடந்த வேலையை.

சித்தப்பிரசாத் என்ற ஓவியர் 1943 நவம்பரில் மிதுனாப்பூர் மாவட்டத்தைச் சுற்றினார். எலும்பும் தோலுமாகக் கிடந்தவர்களைக் கறுப்பு மையில் வரைந்தார். யார், எந்த ஊர் என்று படத்தோடு குறித்துக்கொண்டார். புள்ளிவிவரத்தில் மறைந்துபோகும் ஆளுக்கு இப்படித்தான் முகம் கிடைத்தது. ‘பசித்த வங்கம்’ என்ற பொருளில் தலைப்பிட்டு அது சிறு நூலாக வந்தது. அச்சான 5,000 பிரதிகளையும் பிரிட்டிஷ் அரசு கைப்பற்றி அழித்தது. குடும்பத்தார் காத்துவைத்த ஒரு பிரதி தப்பியது. போரில் அரசுக்கு ஒத்துழைப்பதாகச் சொன்ன கட்சியின் ஓவியருடைய புத்தகம் இது. ‘அரசுக்கு ஆதரவு’, ‘நாட்டுக்கு விசுவாசம்’ இரண்டையும் ஒரே கணக்கில் எழுதினால் இங்கே கணக்கு உதைக்கும்.

‘இது பொய்ச் சுதந்திரம்’ என்று சொன்னது இவர்கள்தானே?
*வாசகர், ஈரோடு*

ஆமாம். 1948 பிப்ரவரி, கட்சியின் கல்கத்தா மாநாடு, புதிய பொதுச்செயலாளர் பி. டி. ரணதிவே தலைமை. சில மாதம் முன்புவரை நேரு அரசுக்கு ஆதரவு என்றிருந்தவர்கள் ஒரேயடியாக ஆயுதப் பாதைக்குத் தாவினார்கள். நாடு கொண்டாடிய விடுதலையைப் பொய் என்றால் யார் கேட்பார்கள்? 1951-இல் புதிய வேலைத்திட்டம் வந்தது. அடுத்து நடந்த முதல் பொதுத்தேர்தலில் மக்களவையில் 16 இடம் பிடித்தார்கள். தமிழகக் கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி சிறையில் இருந்தபடியே மதுரை வடக்குச் சட்டமன்றத் தொகுதியில் ஜெயித்தார்.

1962 சீனப் போரின்போது மொத்தக் கட்சியும் சீனா பக்கமா நின்றது?
*வாசகர், நாகர்கோவில்*

இல்லை. போர் தொடங்கியது அக்டோபர் 20. நவம்பர் 1-இல் கட்சியின் தேசியக் கவுன்சில் சீன ஆக்கிரமிப்பைக் கண்டித்து, நாட்டின் பாதுகாப்புக்கு ஆதரவு என்று தீர்மானம் போட்டது. கட்சித் தலைவர் டாங்கேயின் அணி இதில் உறுதி. எதிரணி, எல்லைத் தகராறைப் பேசித் தீர்க்க வேண்டும் என்றது. பேசித் தீர்க்கச் சொன்னாலே சீன ஏஜென்ட் என்று முத்திரை விழுந்த நேரம். நவம்பர் கடைசியில் பாதுகாப்புச் சட்ட விதிகளின்கீழ் அந்த அணியின் தலைவர்கள் கூட்டங்கூட்டமாகக் கைதானார்கள். பிளவுக்குப் பழைய சித்தாந்தச் சண்டையும் காரணம். போர் அதில் எண்ணெய் ஊற்றியது. 1964 ஏப்ரலில் கவுன்சிலிலிருந்து 32 பேர் வெளிநடப்பு, வருஷக் கடைசிக்குள் இரண்டு கட்சி.

அப்படிச் சிறைக்குப் போனவர்களில் ஒருவர் கேரளத்து வி. எஸ். அச்சுதானந்தன். ஜவான்களுக்குக் கைதிகள் ரத்ததானம் செய்யலாமே என்று அவர் யோசனை சொன்னார். கட்சி அதற்காக அவர்மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுத்தது. அரசு கண்ணுக்கு அவர் சீனாக்காரர், சொந்தத் தோழர்கள் கண்ணுக்கு தேசியவாதி.