மென்பொருள்களை எந்த நெறிமுறையில் இணைப்பது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பழைய கணக்கு மென்பொருளுக்கு சோப் (SOAP, எக்ஸ்எம்எல் வடிவில் தகவல் பரிமாறும் நெறிமுறை) மட்டுமே தெரியும். புதிதாக எழுதும் சரக்கு மென்பொருளையும் சோப்பிலேயே எழுத வேண்டுமா?

வேண்டாம். பழையதைத் தொடாதீர்கள். அதன் முன்னால் சின்னதாக ஓர் இடைச்சேவை எழுதி, அந்தப் பக்கம் சோப், இந்தப் பக்கம் ஜேசன் (JSON, தகவலை எளிய உரையாக எழுதும் வடிவம்) என்று வைத்துக்கொள்ளுங்கள். சோப் சேவையில் என்னென்ன அழைப்புகள் உண்டு என்று விவரிக்கும் டபிள்யுஎஸ்டிஎல் (WSDL) கோப்பைக் கொடுத்தால் சோப் பக்கத்து நிரலைக் கருவிகளே உருவாக்கித் தந்துவிடும்.

ஜிஆர்பிசி (gRPC, ஒரு மென்பொருள் இன்னொன்றின் செயல்களை நெட்வொர்க் வழியே அழைக்கும் முறை) வேகமாமே, எல்லாவற்றையும் மாற்றிவிடலாமா?

2015இல் கூகுள் வெளியிட்டது. வலைத் தொடர்பு நெறிமுறையான ஹெச்டிடிபியின் இரண்டாம் பதிப்பு (ஹெச்டிடிபி/2) மேல் ஓடுகிறது. சர்வர்களுக்கிடையே நொடிக்கு ஆயிரக்கணக்கில் அழைப்புகள் பறந்தால் பலன் தெரியும். ஒரு நாளைக்குச் சில நூறு ஆர்டர்களுக்கு ரெஸ்ட் (REST, சாதாரண ஹெச்டிடிபி கோரிக்கைகளால் இணைக்கும் முறை) தாராளம். கோளாறு என்றால் கர்ல் (curl) என்ற கட்டளைக் கருவியில் ஒரு வரி அடித்து, வரும் பதிலைக் கண்ணாலேயே படித்துவிடலாம். ஜிஆர்பிசியின் இருமத் தரவை அப்படிப் படிக்க முடியாது. பிரவுசரிலிருந்து அழைக்கவும் நடுவில் ப்ராக்ஸி (இடைநின்று மாற்றித் தரும் சர்வர்) வேண்டும்.

ஆர்டர் அனுப்பும்போது டைம்அவுட் (பதில் வராமலே நேரம் முடிவது) ஆகிறது. மறுபடி அனுப்பினால் இரண்டு பில் விழுகிறது. ரெஸ்ட்டை விட்டுவிடலாமா?

எதற்கு மாறினாலும் இந்தத் தொல்லை கூடவே வரும். பில் அங்கே விழுந்துவிட்டது, பதில்தான் வழியில் தொலைந்திருக்கிறது. ரெஸ்ட்டில் புட் (PUT, மாற்றி எழுது), டெலீட் (DELETE, நீக்கு) கோரிக்கைகளை எத்தனை முறை அனுப்பினாலும் விளைவு ஒன்றே. புதிதாக உருவாக்கும் போஸ்ட்டுக்கு (POST) அந்த உத்தரவாதம் இல்லை. அதனால் ஆர்டர் உருவாகும்போதே அதற்கு ஒரு யுயுஐடி (UUID, வேறெதற்கும் வராத தனி அடையாள எண்) கொடுத்து, கோரிக்கையின் ஹெடரில் (தலைப்பகுதியில்) சேர்த்து அனுப்புங்கள். பெறும் பக்கத்தில் அந்த எண் இருமுறை பதிவாகாதபடி தரவுத்தளத்தில் யூனிக் கட்டுப்பாடு போடுங்கள். அதே எண் திரும்ப வந்தால் முதலில் தந்த பதிலையே கொடுக்கட்டும். எண்ணும் பில்லும் ஒரே டிரான்சாக்‌ஷனில் பதிவாக வேண்டும், அதாவது இரண்டும் சேர்ந்தே பதிவாகும், இல்லையேல் இரண்டுமே பதிவாகாது. பலர் சறுக்குவது மறுமுயற்சியில்தான்: ஒவ்வொரு முறையும் புது எண் உருவாக்கிவிடுகிறார்கள், பிறகு இவ்வளவு ஏற்பாடும் வீண்.

பில்லிங் சர்வர் நின்றால் ஆர்டர் எடுப்பதும் நின்றுபோகிறது.

நேரடி அழைப்பு அப்படித்தான். நெறிமுறையைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் கேட்பதே, எதிர்ப்பக்கம் படுத்துவிட்டால் இந்தப் பக்கம் காத்திருக்க முடியுமா என்பதுதான். ஸ்டாக் இருக்கிறதா என்று பார்க்க உடனே பதில் வேண்டும், அதற்கு ரெஸ்ட். பில் பத்து நிமிடம் கழித்து வந்தாலும் குற்றமில்லை. அதை ராபிட்எம்கியூ (RabbitMQ, செய்திகளை வரிசையில் வைத்திருந்து பெறுபவருக்குத் தரும் மென்பொருள்) போன்ற வரிசையில் போடுங்கள். வரிசையும் செய்தியும் வட்டில் சேமிக்கப்படும்படி அமையுங்கள். பில் பதிவான பிறகே, வேலை முடிந்தது என்ற ஒப்புகையை வரிசைக்கு அனுப்புங்கள். ஒப்புகை போய்ச் சேராவிட்டால் அதே செய்தி மீண்டும் வரும், ஆகவே மேலே சொன்ன யுயுஐடி இங்கேயும் அவசியம்.

நிலவரத்தை உடனுக்குடன் காட்டும் திரைக்கு (நிலவரப் பலகைக்கு) வெப்சாக்கெட் (WebSocket, இரு பக்கமும் தகவல் அனுப்பக்கூடிய தொடர் இணைப்பு) வேண்டுமா?

சர்வரிலிருந்து திரைக்கு மட்டும்தான் தகவல் போகிறது என்றால் எஸ்எஸ்இ (SSE, சர்வர் மட்டும் தொடர்ந்து தகவல் அனுப்பும் முறை) போதும். சாதாரண ஹெச்டிடிபிதான், இணைப்பு அறுந்தால் பிரவுசரே மறுபடி இணைத்துக்கொள்ளும்.