சிப்பத்தோடு வந்த விருந்தாளி

கேள்வி: ஊரிலிருந்து 25 கிலோ சிப்பம் அரிசி வந்தது. டிரம்மில் கொட்டி, மேலே கைநிறைய வேப்பிலை போட்டு மூடினேன். மூன்றே வாரத்தில் ஒரே வண்டு. தவழுகிற குழந்தை இருப்பதால் வண்டைக் கொல்லும் மாத்திரை வைக்கப் பயம். எறும்புத் தொல்லை வேறு. என்ன செய்யலாம்?
— வாசகி, செல்லூர், மதுரை

பதில்: மாத்திரையைத் தொடாமல் இருந்தீர்களே தாயி, நல்லவேளை. அது விடுகிற வாயு ஆளையே கொல்லும். வீட்டுக்குள் கூடவே கூடாது.

வேப்பிலையைப் பச்சையாகவா போட்டீர்கள்? கல்யாணமான புதிதில் நானும் அப்படித்தான் போட்டேன். கீழமாசி வீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர் மகள் என்ற மிதப்பு வேறு. பத்து நாள் கழித்துத் திறந்தால், இலையின் ஈரம் இறங்கி மேல் அரிசி கட்டி கட்டியாய்ப் பிடித்து, பூசண வாடை. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. சொளகை எடுத்து வந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். நிழலில் சருகாகி, கையில் நொறுங்குகிற இலைதான் டிரம்முக்குள் போகலாம்.

சரி, சருகையே போட்டிருந்தாலும் உங்களுக்கு வண்டு வந்திருக்கும். பெண் வண்டு அரிசியைத் துளைத்து, உள்ளே முட்டையிட்டு, ஓட்டையை அடைத்துவிடும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து, நம்ம ஊர் வெக்கையில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாக வெளியே வரும். உங்களுடையது சிப்பத்தோடேயே வந்தது. வேம்பு, வசம்பு, மிளகாய் எல்லாம் வெளியிலிருந்து வருவதைத்தான் தயங்க வைக்கும்.

அதனால் முதலில் புடையுங்கள். பிறகு மொட்டை மாடியில் பழைய வேட்டி விரித்து, காலை இளவெயிலில் மெல்லிசாய்ப் பரப்புங்கள். மிச்ச வண்டு தானே ஊர்ந்து ஓடும். உச்சிவெயில் வேண்டாம், அரிசி விரிசல் விட்டு நொய்யாகிவிடும். பத்து நாள் விட்டு இன்னொரு தடவை இதையே செய்யுங்கள். ஆறிய அரிசியை உலர்ந்த டிரம்மில் கொட்டி, துணியில் முடிந்த வசம்புத் துண்டுகளை அடியிலும் நடுவிலும் மேலேயும் வையுங்கள். மிளகாய் போட்டால் காம்போடு போடுங்கள். காம்பு கழன்ற ஒன்றிலிருந்து விதை கொட்டி, என் சின்னவன் ரசஞ்சாதத்தில் கடித்து அழுத அழுகை இருக்கிறதே!

குழந்தைக்குக் கஞ்சி வைக்கும் ஒரு கிலோவை மட்டும் 4 நாள் ஃப்ரீசரில் வையுங்கள். உள்ளே இருக்கிற முட்டையும் செத்துவிடும்.

எறும்புக்கு மஞ்சள்தூள் கோடு போட்டால் சுற்றிக்கொண்டு வேறு வழியில் வரும். அது போன தடத்தைச் சோப்புத் தண்ணீரால் அழுத்தித் துடையுங்கள். அந்த வாடையைப் பிடித்துத்தான் அடுத்தது வருகிறது.

அப்புறம், புடைத்த வண்டைச் சமையலறைக் குப்பைக் கூடையில் கொட்டிவிடாதீர்கள். ராத்திரியே டிரம்முக்குத் திரும்பிவிடும்.