கணக்குப் பிரிவினருக்குக் கணினி நுட்பம்: ஜிஎஸ்டி எண்ணிலிருந்து தொடங்கலாம்

மும்பை மாட்டுங்காவில் வசிக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி: “அந்தேரியில் ஒரு மருந்து விநியோக நிறுவனத்தின் கணினிப் பிரிவில் பணியாற்றுகிறேன். கணக்கு, கொள்முதல் பிரிவுகளைச் சேர்ந்த 18 பேருக்குக் கிளவுட், செயற்கை நுண்ணறிவு ஆகியவற்றைக் கற்பிக்கச் சொல்லியிருக்கிறார்கள். முதல் வகுப்பில் சர்வர், ஏபிஐ, மொழி மாதிரி என்று வரையறைகளை விளக்கினேன். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள், ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. எங்கே தவறினேன்?”

அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த எதுவும் அந்த வகுப்பில் இடம்பெறவில்லை என்பதே காரணம். டேலியிலும் எக்செல்லிலும் பல ஆண்டுகள் பழகியவர்கள், ஒரு பில்லில் வரி விகிதம் பிசகியிருந்தால் பார்த்தவுடனே சொல்லிவிடுவார்கள். அந்தத் தேர்ச்சியிலிருந்தே பாடத்தைத் தொடங்குங்கள்.

ஜிஎஸ்டி பதிவு எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 15 இடங்களில் முதல் இரண்டும் மாநிலக் குறியீடு (மகாராஷ்டிரத்துக்கு 27, தமிழ்நாட்டுக்கு 33), அடுத்த பத்தும் பான் எண் என்பதை உங்களுக்கே அவர்கள் சொல்லித்தருவார்கள். கடைசி எழுத்து முந்தைய 14 எழுத்துகளைக் கொண்டு கணக்கிடப்படுவது என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். அந்தக் கணக்கை எக்செல்லில் முன்கூட்டியே அமைத்து வைத்து, ஓர் எழுத்தை மாற்றித் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். பிழை உடனே பிடிபடும். பிறகு சாட்ஜிபிடி போன்ற ஒரு மொழி மாதிரியிடம், கற்பனையான நிறுவனம் ஒன்றுக்கு ஜிஎஸ்டி எண் எழுதித் தரச் சொல்லுங்கள். கணக்கிடும் கருவி எதையும் துணைக்கு அழைக்காதவரை, அது தருவது பார்வைக்கு முறையாக இருந்தாலும் அதே சோதனையில் பெரும்பாலும் தேறாது. விதிப்படி கணக்கிடும் நிரலுக்கும், பழகிய வடிவத்தைப் பின்பற்றி அடுத்த சொல்லை ஊகிக்கும் மாதிரிக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழியை நான் அறியேன். 2023இல் நியூயார்க்கில், சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய தீர்ப்புகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டதை இந்த இடத்தில் சொன்னால், சரிபார்ப்பு ஏன் மனிதரின் பொறுப்பாகவே இருக்கிறது என்பது விளங்கிவிடும்.

கிளவுடுக்கு மும்பையின் நினைவே போதும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. அன்று தரைத்தளத்தில் இருந்த ஒரு கணினி நீரில் மூழ்கியிருந்தால் கணக்கு எங்கே இருந்திருக்கும் என்று கேளுங்கள். வேறொரு கட்டடத்தில், வேறொருவர் பராமரிக்கும் கணினியில் வாடகைக்கு இடம் எடுத்து அந்தக் கணக்கை வைத்திருப்பதே கிளவுட் என்றால் புரிந்துகொள்வார்கள். நகல் வேறோர் ஊரிலும் இருக்க வேண்டுமா என்ற கேள்வியும் அவர்களிடமிருந்தே வரும்.

வகுப்பில் யாராவது தடுமாறினால் மவுஸை அவர் கையிலிருந்து வாங்காதீர்கள். வாயால் வழி சொல்லிவிட்டுக் காத்திருங்கள். நேரம் பிடித்தாலும் அவர் கையால் செய்தது மட்டுமே அவரிடம் தங்கும். மராத்தியிலோ குஜராத்தியிலோ அவர்கள் தமக்குள் பேசிக்கொள்வதையும் தடுக்க வேண்டாம்.

பயிற்சிக்கு உண்மையான வாடிக்கையாளர் விவரங்களைப் பொதுவான செயலிகளில் ஒட்டவே கூடாது; பெயர்களையும் தொகைகளையும் மாற்றிய மாதிரிக் கோப்பை நீங்களே தயாரித்துக் கொடுங்கள். அடுத்த வகுப்பை மாதத்தின் 11, 20 தேதிகளையொட்டி வைக்காதீர்கள். ஜிஎஸ்டி படிவங்களைத் தாக்கல் செய்யும் அந்த நாட்களில் அவர்கள் மனம் வகுப்பில் இருக்காது.