23 ஆண், 17 பெண்: இதை வெச்சு ஊரை சந்தேகப்படலாமா?

ஊராட்சித் தலைவரா இருக்கற ஒரு சகோதரி கேட்டிருக்காங்க: "எங்க ஊர்ல போன வருஷம் 40 குழந்தை பொறந்துச்சு, 23 ஆண், 17 பெண். ஆயிரம் ஆணுக்கு 739 பெண்ணுன்னு வருது, ஸ்கேன் பாத்து கலைக்கிறாங்களோன்னு பயமா இருக்கு, என்ன பண்ணலாம்?"

அந்த 739ஐ முதல்ல ஓரமா வைங்கம்மா. இயற்கையாவே 100 பொண்ணுக்கு சுமார் 105 பையன் பொறக்கும், அப்படிப் பாத்தா 40ல 20, 21 பையன் வரணும், அது 23 ஆகறது சும்மாவே அடிக்கடி நடக்கும், அடுத்த வருஷம் தலைகீழாவும் போகலாம். அஞ்சாறு வருஷக் கணக்கை, முடிஞ்சா பக்கத்து ஊராட்சியையும் சேத்து கூட்டிப் பாருங்க.

ஆனா உண்மை தெரியணும்னா ரெண்டாவது பிரசவத்தைப் பாக்கணும். நர்ஸம்மாகிட்ட ரிஜிஸ்டர் இருக்கும், மூத்தது பொண்ணா இருக்கற வீடுகள்ல மட்டும் அடுத்தது என்ன பொறந்துச்சுன்னு தனியா எண்ணச் சொல்லுங்க, தப்பு நடந்தா பெரும்பாலும் அங்கதான் தெரியும், ஏன்னா நாலு பெத்துக்கிட்ட காலத்துல ஒரு பையன்கூட இல்லாம போற வாய்ப்பு சுமார் 18 வீட்டுல ஒண்ணுக்குத்தான், ரெண்டோட நிறுத்தும்போது அது நாலுல ஒரு வீடு ஆயிடுது, பையன் வேணும்ங்கற பிடிவாதம் மட்டும் அப்படியே இருந்தா பாரம் முழுக்க அந்த ரெண்டாவது கர்ப்பத்து மேல விழுது. நாட்டுல 6 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைகள்ல ஆயிரம் பையனுக்கு 1991ல 945 பொண்ணு, 2001ல 927, 2011ல 919ன்னு இறங்கினதுல இதுக்குப் பெரிய பங்கு இருக்கு.

அதுக்காக கம்மியா பெத்துக்கறது மட்டும்தான் காரணம்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. 2019-21 குடும்பநல சர்வேல ஒரு பெண்ணுக்கு சராசரியா கேரளால 1.8 பிள்ளை, பஞ்சாப்ல 1.6, ரெண்டுமே ரெண்டுக்குக் கீழ, ஆனா 2011 சென்சஸ்ல 6 வயசு வரைக்கும் ஆயிரம் பையனுக்கு கேரளால 964 பொண்ணு, பஞ்சாப்ல 846. நம்ம சேலமும் 2001ல 851ல கிடந்து 2011ல 900ஐத் தாண்டுச்சு, அதே சமயம் கடலூரும் அரியலூரும் 900க்குக் கீழ இருந்துச்சு.

கணக்குல நிஜமாவே பெரிய ஓட்டை தெரிஞ்சா, கருவுல ஆணா பொண்ணான்னு பாத்து சொல்றதைத் தடுக்கற 1994 சட்டப்படி மாவட்டத்துல இதுக்குன்னே ஒரு அதிகாரி இருக்காங்க, எந்த ஸ்கேன் சென்டர் மேல சந்தேகம்னு எழுத்துல குடுங்க. வயித்துல இருக்கறது ஆணா பொண்ணான்னு ஸ்கேன் பண்றவங்க சாடையா சொன்னாக்கூட குத்தம்தான். கர்ப்பிணிய மட்டும் தயவுசெஞ்சு விசாரிச்சு அழ வைக்காதீங்க, புருஷனும் வீட்டாளுங்களும் கட்டாயப்படுத்தினதாத்தான் சட்டமே எடுத்துக்குது, கலைப்புக்கு சட்டம் அனுமதிக்கற வேற காரணமும் நிறைய இருக்கு. கிராம சபைல எண்ணிக்கையை மட்டும் வைங்க, பேரை வாசிச்சுடாதீங்க.