கண் வீக்கத்துக்குக் கோப்பித்தூள் வேண்டாம், தங்கச்சி

பினாங்கு பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்தால் கண்ணுக்குக் கீழே வீங்குகிறது, கோப்பித்தூளைக் குழைத்துப் பூசியதில் எரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் பதறிவிட்டேன். முதலில் அதை நிறுத்துங்கள். நம் ஊர்க் கோப்பி-ஓ (பால் சேர்க்காத கோப்பி) தூள் பெரும்பாலும் சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுத்தது. அதைக் கண்ணடியில் தேய்த்தால் அந்த மெல்லிய தோல் தாங்காது.

கோப்பியில் உள்ள காஃபின் இரத்தக் குழாய்களைச் சற்றுச் சுருக்கும். வீக்கம் சில மணி நேரம் குறைந்து தெரியலாம், அவ்வளவுதான். தி ஓர்டினரி என்ற நிறுவனத்தின் 5 விழுக்காடு காஃபின் சீரம் போன்ற ஒன்றை, எரிச்சல் முழுக்க ஆறிய பிறகு, முதலில் காதுக்குப் பின்னால் தடவிப் பாருங்கள். ஒத்துக்கொண்டால் ஒரே சொட்டு, கண்ணுக்குக் கீழே எலும்பின் மேல் மட்டும்.

ஆனால் காசு செலவழிக்கும் முன், ஐஸ் தண்ணீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். குளிர்ச்சியும் குழாய்களைச் சுருக்கும். அப்புறம், ஷிப்ட் முடிந்ததும் மேகி கோரெங் (வறுத்த மேகி நூடுல்ஸ்) சாப்பிட்டுவிட்டு உடனே படுக்கிறீர்களா? அதிலுள்ள உப்பு உடம்பில் நீரைத் தேக்கும். தலையணையைக் கொஞ்சம் உயர்த்துங்கள்.

அரிப்பும் இருந்தால் ஒவ்வாமையாக இருக்கலாம். ஒரு கண் மட்டும் சிவந்து வலித்தால், அல்லது காலும் வீங்கினால், தள்ளிப் போடாமல் கிளினிக் போங்கள்.