செயின்ட் பிராண்டன் திட்டு கரைந்தால் நம் கடலும் போய்விடுமா?

கேள்வி: என் தம்பி போர்ட் லூயிசிலிருந்து, மொரீஷியசுக்குச் சொந்தமான செயின்ட் பிராண்டன் பவளத் திட்டுகள் பக்கம் போகும் மீன்பிடிப் படகில் வேலை பார்க்கிறான். புயலுக்குப் புயல் அங்கே மணல் திட்டுகள் உருமாறிவிடுகின்றன என்கிறான். திட்டே மூழ்கிவிட்டால் அந்தக் கடலில் மொரீஷியசுக்கு உரிமை உண்டா? நாடே இல்லை என்று ஆகிவிட்டால் எங்கள் பாஸ்போர்ட் என்னாகும்?
— ஒரு வாசகி, ரோஸ் ஹில்

பதில்: பாஸ்போர்ட் கதையை முதலில் முடித்துவிடலாம். மொரீஷியஸ் எரிமலையால் உருவான தீவு, உச்சி 828 மீட்டர். கடற்கரைகள் அரிக்கும், நாடு மூழ்காது. அந்தப் பயம் துவாலு, மாலத்தீவு போன்ற தாழ்ந்த நாடுகளுக்குத்தான். அவர்களுக்கும் 2025 ஜூலை 23 அன்று சர்வதேச நீதிமன்றம் ஆறுதல் சொல்லியிருக்கிறது: ஒரு நாடு உருவானபின் அதன் கூறுகளில் (நிலம், மக்கள் போன்றவை) ஒன்று மறைந்தாலும் நாடு என்ற தகுதி போய்விட வேண்டும் என்பதில்லை. துவாலு 2023லேயே இதைத் தன் அரசியல் சாசனத்தில் எழுதிக்கொண்டது.

சரி, தம்பியின் கேள்விக்கு வருவோம். இதுதான் சிக்கலானது. 1982 கடல் சட்ட உடன்படிக்கைப்படி, நீர் வற்றும்போது தெரியும் கரையிலிருந்துதான் பொதுவாகக் கடலை அளக்க வேண்டும். 12 கடல் மைல் வரை நாட்டின் கடல். 200 கடல் மைல், அதாவது சுமார் 370 கிலோமீட்டர் வரை மீன்வள உரிமை. குறுக்கே வேறு கரை இல்லாத ஒரு தனித்தீவைச் சுற்றி 200 மைல் வட்டம் போட்டால் 4.3 லட்சம் சதுர கிலோமீட்டர் வரும். மூன்று தமிழ்நாட்டைவிடப் பெரிய கடல் ஒரு சின்ன மணல்மேட்டை நம்பி நிற்கிறது என்றால், எல்லோரும் ஏன் பதறுகிறார்கள் என்று புரியும்.

கரை பின்வாங்கினால் எல்லையும் பின்வாங்கும் என்பதே பழைய வாதம். பசிபிக் தீவு நாடுகள் 2021ல் அதை ஒன்றுசேர்ந்து மறுத்தன. மேலே சொன்ன சர்வதேச நீதிமன்றத்தின் 2025 கருத்துரையும் அவர்கள் பக்கமே நின்றது: முறைப்படி வரையறுத்த வரைபடத்தையும் ஆள்கூறுகளையும் (எல்லையைக் குறிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகைப் புள்ளிகள்) கடல் உயர்ந்ததற்காகத் திருத்த வேண்டிய கட்டாயம் இல்லை. மொரீஷியஸ் தன் ஆள்கூறுகளை 2008லேயே ஐ.நா.வில் ஒப்படைத்துவிட்டது. அந்தக் கருத்துரை எந்த நாட்டையும் கட்டுப்படுத்தும் தீர்ப்பு இல்லைதான். ஆனாலும் அதை மீறிப் பேசுவது இனி எளிதல்ல.

எனக்கு உறுத்தும் இடம் வேறு. மனிதர் வாழவோ சொந்தமாகப் பொருளாதாரம் நடத்தவோ முடியாத பாறைக்கு 200 மைல் கிடையாது, 12 மைல்தான் என்கிறது உடன்படிக்கையின் 121வது பிரிவு. நிரந்தரக் குடிகள் இல்லாத திட்டுகளில் யாராவது வம்பு வளர்ப்பதானால் இந்த வழியாகத்தான் வருவார்கள். அப்புறம், பக்கத்து நாட்டோடு எல்லை தீராமல் கிடக்கும் இடங்களும் பலவீனமானவை. மாலத்தீவுடனான எல்லையை 2023 ஏப்ரல் 28 அன்று கடல் சட்டத் தீர்ப்பாயத்தின் சிறப்பு அமர்வு முடிவுசெய்தது. அந்த வழக்கில், நீர் வற்றும்போது மட்டும் தலைகாட்டும் பிளென்ஹைம் பவளப்பாறையை வைத்து இரு நாட்டுக்கும் நடுவே எல்லைக்கோடு வரைய அது மறுத்துவிட்டது. எனவே தலை வெளியே தெரியும்போதே எல்லையைப் பேசி முடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

தம்பியிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். எங்கே மீன் பிடிக்கலாம் என்பதற்கு உரிமத்தில் போட்டிருக்கும் ஆள்கூறுகளைப் பார்க்கட்டும். படகு ஓட்டுவதற்கு மட்டும் எப்போதும் புதிய கடல் வரைபடம் வேண்டும். சட்டத்தின் கோடு நகராவிட்டாலும் மணலும் ஆழமும் நகர்ந்திருக்கும்.